கேட்டால்தான் சொல்வார்கள்

கண்டிக்கு மனநலக் கிளினிக்குக்கு வரும் தோட்டத்துப் பெண்கள் தனியே வருவது குறைவு. புசல்லாவையிலிருந்தோ தெல்தோட்டையிலிருந்தோ காலை பஸ்ஸைப் பிடித்து, புருஷனோ மூத்த மகனோ கூட வருவார். டொக்டர் சிங்களத்தில் கேட்டால் அதைத் தமிழில் சொல்வதும் அவர்தான், பதில் சொல்வதும் அவர்தான். தூக்கம் வருகிறதா, காதில் சத்தம் கேட்கிறதா என்பது வரைக்கும் இது ஓடும். மாதாமாதம் குளிக்கிறீர்களா, மார்பில் பால் வருகிறதா என்ற கேள்விக்கு மகனை வைத்துக்கொண்டு எந்தத் தாய் வாய் திறப்பாள்?

அதனால் நிறை பார்க்கும் சாட்டில் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டு, திரையை இழுத்துவிட்டுக் கேட்பேன். மனநலத் தாதியின் வேலையில் நான் உயிராக மதிப்பது அந்தச் சில நிமிடங்களைத்தான்.

அப்படிக் கேட்டபோதுதான் கொழுந்து பறிக்கும் ஒரு தங்கச்சி, ரவிக்கைக்குள் நான்காக மடித்து வைத்திருந்த பழைய துணியை எடுத்துக் காட்டினாள். நனைந்திருந்தது. கடைசிப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. "மாசமா இருக்கேனோன்னு பயந்து மாத்திரைய விட்டுட்டேன் மிஸ். வீட்டுக்காரருக்குத் தெரியாது" என்றாள். அவள் ஏன் மறுபடியும் தனக்குள் பேசத் தொடங்கினாள் என்று வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை.

அவள் குடித்தது ரிஸ்பெரிடோன். பாலைச் சுரக்க வைக்கும் புரோலக்டின், மூளையின் அடியிலிருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியில் ஊறுகிறது. அதற்கு பிரேக் டோபமின். காதில் கேட்கும் குரல்களை அடக்குவதற்காக டோபமினைத் தடுக்கும் மருந்து, இந்த பிரேக்கையும் தளர்த்திவிடுகிறது. புரோலக்டின் ஏறினால் ஈஸ்ட்ரஜன் இறங்கும், மாதவிடாய் தள்ளிப்போகும், நின்றும் போகும். வருடக்கணக்கில் அப்படியே விட்டால் எலும்பு பலமிழக்கும். ஹலோபெரிடோலும், வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் போடும் புளூபெனசின் ஊசியும் இதையே செய்யக்கூடியவை. ஆண்களுக்கு மார்பு பருக்கும், தாம்பத்திய ஆசை வற்றும். அவர்களும் தாமாகச் சொல்வதில்லை. மருந்தை மட்டும் சத்தமில்லாமல் நிறுத்திவிடுவார்கள்.

பால் கசிகிறது என்றதும் மருந்தின்மேல் பழியைப் போட்டுவிடக் கூடாது. முதலில் கர்ப்பப் பரிசோதனை. அடுத்து தைரொயிட், ஏனென்றால் அது குறைந்தாலும் புரோலக்டின் ஏறும். பிறகு கொண்டுவந்த பையைக் கொட்டிக் காட்டச் சொல்வேன். வயிற்றுப் பிரட்டலுக்கு வேறெங்கோ வாங்கிய டொம்பெரிடோன் அதில் கிடக்கும். அதுவும் டோபமினைத் தடுக்கிற மாத்திரைதான், ஆனால் கிளினிக் கொப்பியில் அதன் பெயர் இருக்காது. மருந்து தொடங்குவதற்கு முன் மாதவிடாய் எப்படி இருந்தது என்று கொப்பியில் ஒரு வரி இருந்தால் பாதி வேலை முடிந்தது. அந்த ஒரு வரிக்காக யாரோடும் வாதாடுவேன்.

மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கும் லிதியம் வேறு விதம். அதைக் குடிப்பவர்களுக்குக் கழுத்தில் கழலை வருவதை டென்மார்க்கின் மோகென்ஸ் ஷௌவும் அவருடைய குழுவினரும் 1968இலேயே எழுதிவிட்டார்கள். கழலை இல்லாமலும் தைரொயிட் மெல்லக் குறையும்: களைப்பு, மந்தம், உடல் பாரம், குளிர் தாங்காமை. மலைநாட்டில் குளிர்கிறது என்று சொல்லாதவர் யார்? இரண்டு ஸ்வெட்டர் போட்டு வருகிறவளைப் பார்த்தால் ஊர்க் குளிர் என்று தோன்றும், அவளுடைய மந்தத்தைப் பார்த்தால் மனச்சோர்வு திரும்பிவிட்டது என்று தோன்றும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை செய்தால் இந்தக் குழப்பம் தீரும். தைரொக்சின் சேர்த்துக் கொடுத்தால் பெரும்பாலும் லிதியத்தை நிறுத்த வேண்டியதில்லை.

அந்தத் தங்கச்சிக்குக் கர்ப்பமில்லை என்று உறுதியானது. டொக்டர் அவளை மெல்ல மெல்ல அரிபிப்ரசோலுக்கு மாற்றினார். அது புரோலக்டினை ஏற்றுவதில்லை. ஆனால் மாற்றத்தோடு இன்னொரு பேச்சும் பேசியாக வேண்டும். புரோலக்டின் இறங்கினால் கருத்தரிக்கும் தன்மை திரும்பும், நின்றுபோன மாதவிடாய் வருவதற்கு முன்பே கரு தங்கிவிடலாம். குளிக்கவில்லை, அதனால் பயமில்லை என்று அவள் நினைத்திருப்பாள். ஆகவே மருந்தை மாற்றிய அன்றே குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பேசி, தோட்டத்து மிட்வைஃபுக்கு ஒரு துண்டும் எழுதிக் கொடுத்தேன். அவளிடம் கேட்டு, அவள் சரி என்ற பிறகுதான் புருஷனை உள்ளே கூப்பிட்டேன்.