பத்தாம் வகுப்பும் பல்கலைக்கழக வானொலியும்

புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்குப் பிரயோசனமாக ஏதாவது எழுதித் தரும்படி ஆசிரியர் கேட்டிருந்தார். வீடு எடுப்பது, லைசென்ஸ் எடுப்பது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது பற்றியெல்லாம் எழுத விசயம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது பாட்டுக் கேட்கிற விசயம். அதுவும் எங்கள் ஆட்கள் "தகரம் தட்டுற சத்தம்" என்று சொல்கிற பாட்டு. "உவருக்கு வேற வேலையில்லை" என்று சொல்பவர்களும் இருப்பார்கள். வேலை இருக்கிறது. கிழமையில் ஐந்து இரவு, ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில், சாப்பாட்டுப் பெட்டிகளுக்கு பிளாஸ்ரிக் மூடி அடிக்கிற மெசினோடு நிற்கிறேன். மிச்ச நேரத்தில் நடந்த கதை இது.

2018ஆம் ஆண்டு மாரிகாலம். என்னோடு வேலை செய்கிற கயானா நாட்டுக்காரர் ஒருவர் விடியப்புறம் தன் காரில் என்னை வீட்டடியில் இறக்கிவிடுவார். அவருடைய றேடியோ எப்போதும் 89.5இல் நிற்கும். முதலில் எனக்கு அது பாட்டாகவே தெரியவில்லை. கிற்றாரை அடித்து, அதன் சத்தத்தை வேண்டுமென்றே உடைத்து, இரைச்சலாக்கி விடுகிறார்கள். பாடுகிறவரின் குரல் அந்த இரைச்சலுக்கு அடியில் எங்கேயோ கிடக்கிறது. ஆனாலும் நான் நிற்பாட்டச் சொல்லவில்லை.

ஏனென்று பிறகுதான் யோசித்தேன். 2009இல் வன்னியில் இருந்தவர்களுக்குச் சத்தம் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. இங்கே யூலை முதலாம் திகதி வாணவேடிக்கை தொடங்கினால், நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பேன். மெசின் சத்தமும் என் சொல் கேட்காது, அது தன்பாட்டில் அடிக்கும். இந்தப் பாட்டின் இரைச்சல் வேறு மாதிரி. எவ்வளவு பெரிதானாலும் அது யாரையும் தேடி வரவில்லை. அதைக் கூட்டவும் குறைக்கவும் குமிழ் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

இதற்கு இங்கே "ஓல்ரேணற்றிவ்" என்று பெயர். தமிழில் மாற்று இசை என்று சொல்லலாம். "மாற்று" என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் ஆட்களில் சிலர் திரும்பிப் பார்ப்பார்கள், அது எங்கள் அரசியல் கொடுத்த வியாதி. இங்கே விசயம் சின்னது. பெரிய கொம்பனிகள் விற்கிற பாட்டுகளைப் பெரிய வானொலிகள் திரும்பத் திரும்பப் போடும். அதற்குள் அடங்காததைச் செய்கிறவர்களும், அதைத் தேடிக் கேட்கிறவர்களும் வேறு இடம் பார்க்க வேண்டும். கனடாவில் அந்த இடம் பெரும்பாலும் பல்கலைக்கழகத்து மாணவர் வானொலியாக இருந்திருக்கிறது.

1983இல் றயர்சனில் படித்த றொன் நெல்சன் என்ற மாணவர் சி.கே.எல்.என். வானொலியில் ஹிப்ஹொப் பாட்டுக்கென்றே ஒரு நிகழ்ச்சி தொடங்கினார். அப்போது இந்த நகரத்தில் வேறு யாரும் அந்தப் பாட்டைக் கவனிக்கவில்லை. எங்கள் ஸ்காபரோவுக்கும் பங்கு இருக்கிறது. பெயர்நேக்கட் லேடீஸ் என்ற குழுவைத் தொடங்கியவர்கள் வோபேர்ன் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். இன்று எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகள் படிக்கிற அதே எல்ஸ்மெயர் வீதிப் பள்ளிக்கூடம்தான். கொம்பனி எதுவும் இல்லாமல் 1991இல் தாங்களே வெளியிட்ட ஒரு கசற் ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது.

சி.கே.எல்.என்.னின் முடிவு வேறு. உள்ளே நிர்வாகச் சண்டை வந்து, ஆளுக்காள் உரிமை கோரி, 2009இல் மாதக்கணக்காக ஒழுங்கான நிகழ்ச்சியே இல்லாமல் போனது. கடைசியில் 2011இல் அரசாங்க ஆணைக்குழுவான சி.ஆர்.ரி.சி. உரிமத்தைப் பறித்துவிட்டது. அந்த 88.1 அலைவரிசையில் 2013 முதல் விளம்பர வானொலி ஒன்று நடக்கிறது. எங்கள் ஊர்ச்சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்களின் ஆண்டுக்கூட்டங்களுக்குப் போனவர்களுக்கு இந்தக் கதையில் புதினம் ஒன்றும் இராது.

நான் கேட்ட 89.5 ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தினுடையது. சி.ஐ.யு.ரி. என்று பெயர். 1966இல் வளாகத்துக்குள் மட்டும் கேட்கிற வானொலியாகத் தொடங்கி, 1987இல் எவ்.எம். ஆனது. மாணவர்கள் கட்டுகிற சிறு கட்டணமும், நேயர்கள் கொடுக்கிற காசும்தான் அதன் முதல். நிகழ்ச்சி செய்பவர்களில் மாணவரும் உண்டு, வெளியாட்களும் உண்டு. வெளியாட்கள் என்றால் கடைக்காரர், பஸ் ஓட்டுபவர், ஓய்வெடுத்தவர், யாரும். இது எனக்கு அப்போது தெரியாது. சொன்னது என் அக்காவின் மகன்.

அவனுக்கு அப்போது பதினைந்து வயது. கறுத்த ரீசேட், காதில் எப்போதும் ஹெட்போன், கதவு பூட்டு. "உவன் கெட்டுப்போறான்ரா, நீ ஒருக்கா கதைச்சுப் பார்" என்று அக்கா அழுவார். அத்தான் இன்ரர்நெற்றை வெட்டப்போவதாக வெருட்டிக்கொண்டிருந்தார். நான் போய்க் கதவில் தட்டி, "என்னடா கேக்கிறாய்?" என்று கேட்டேன். வேண்டாவெறுப்பாக ஒரு பக்கத்தைக் கழற்றித் தந்தான். காரில் கேட்ட அதே மாதிரி இரைச்சல். "இது 89.5இலயும் போகுமெல்லோ" என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. மூடி அடிக்கிற மாமாவிடமிருந்து அவன் அதை எதிர்பார்க்கவில்லை.

அன்றைக்கு அவன் கட்டிலில் இருந்து இரண்டு மணித்தியாலம் கேட்டோம். எம்.ஐ.ஏ.யும் வந்தார். மாயா அருள்பிரகாசம், எங்கள் பிள்ளைதான். சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் இருந்து, 1986இல் தாயோடு அகதியாக லண்டன் போனவர். 2005இல் வந்த முதல் இசைத்தட்டுக்குத் தகப்பனின் இயக்கப் பெயரையும், 2007இல் வந்த இரண்டாவதுக்குத் தாயின் பெயரையும் வைத்தார். அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோன பாட்டு விசாக் கரைச்சல் பட்ட காலத்தில் பிறந்தது, அதன் அடிநாதம் 1982இல் கிளாஷ் என்ற இங்கிலாந்துக் குழு அடித்தது. இதெல்லாம் மருமகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவன் ஒரே மூச்சில் அவ்வளவு தமிழ் கதைத்ததை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"மாமா, அங்க வொலன்ரியர் எடுக்கிறாங்கள். ஸ்ருடன்ராய் இருக்கத் தேவையில்லை. வாறீங்களே?" என்று கேட்டான். புதிதாக வந்த பெற்றோர்களுக்கு ஒரு தகவல்: ஒன்ராறியோவில் உயர்பள்ளி முடிக்கிற பிள்ளை 40 மணித்தியாலம் சமூகசேவை செய்திருக்க வேண்டும். "அந்த நாற்பதுக்குக் கேட்டுப் பாப்பம்" என்று சொல்லித்தான் அக்காவைச் சம்மதிக்க வைத்தோம். அத்தானுக்கு இதுவும் பிடிக்கவில்லை. "படிக்கிற பெடியனை நீ பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போறாய், படிச்சவன் செய்யிற வேலையே?" என்றார். படிப்பு என்ற சொல்லை என் முன்னால் எடுத்தால் எங்கே குத்தும் என்று அவருக்குத் தெரியும். 2007இல் சாதாரணதரப் பரீட்சை எழுத வேண்டியவன் நான். பத்தாம் வகுப்போடு நின்றது.

கெனடி நிலையத்தில் சப்வே எடுத்து, சென் ஜோர்ஜில் மாறி, மியூசியம் நிலையத்தில் இறங்கினோம். மேடையில் தூண்கள் எகிப்திய சிலைகள் மாதிரி நிற்கும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். வானொலி அப்போது ஹார்ட் ஹவுஸ் என்ற கட்டடத்தில் இருந்தது. கருங்கல் கட்டடம், பாதி தேவாலயம் பாதி கோட்டை. வாசலில் என் கால் நின்றுவிட்டது. பல்கலைக்கழகத்துக்குள் நான் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. யாராவது "நீர் யார்?" என்று கேட்டால் என்ன சொல்வது?

ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கட்டடத்தின் கதையைப் பிறகு விசாரித்து அறிந்தேன். ஹார்ட் மஸி என்ற கனடியத் தொழிலதிபரின் பெயரால், அவருடைய குடும்பப் பணத்தில் கட்டி, 1919இல் திறந்தது. 1972வரை பெண்களை அங்கத்தவராகச் சேர்க்கவில்லையாம். மஸிக் குடும்பம் பணம் சேர்த்தது விவசாய மெசின் செய்து. ரொறன்ரோவில் கிங் வீதியில் அவர்களுடைய தொழிற்சாலை. அந்தக் கொம்பனி 1953இல் பேர்கசன் என்பவரின் கொம்பனியோடு சேர்ந்தது. இப்போது பிடிபட்டிருக்கும். மஸி பேர்கசன்! வன்னியில் எத்தனை வயலை உழுத சிவப்பு உழவுயந்திரம். எங்கள் பெரியப்பாவிடம் ஒன்று நின்றது, அதன் மட்காட்டில் இருந்துதான் நான் பள்ளிக்கூடம் போனேன். தொழிற்சாலையில் நின்று உழைத்த ஆட்களின் உழைப்பில் எழுந்த கட்டடத்துக்குள் போகத் தொழிற்சாலைக்காரன் ஏன் கூச்சப்படவேண்டும் என்று, அதை அறிந்த பிறகு எனக்குத் தோன்றியது.

உள்ளே ஒரு மாணவி ஒரு தாளைத் தந்தாள். பெயர், தொலைபேசி, எந்த நாட்களில் வரமுடியும். என்ன படித்தாய் என்ற கேள்வி அதில் இல்லை. அவள் வாயால் கேட்டது ஒன்றுதான்: "என்ன பாட்டுக் கேட்பீர்கள்?" இந்த நாட்டில் என்னிடம் கேட்ட கேள்விகளுக்குக் கணக்கில்லை. எப்படி வந்தாய், யார் கூட்டி வந்தது, ஏன் திரும்பிப் போகமுடியாது. இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

எனக்குக் கிடைத்த வேலை இசைத்தட்டுகளை அடுக்குவது. இதில் ஒரு சட்டம் படித்தேன். கனடிய வானொலிகள் போடுகிற வெகுசனப் பாட்டுகளில் 35 சதவீதமாவது கனடியப் பாட்டாக இருக்க வேண்டும் என்பது விதி. 1971இல் இந்த மாதிரி விதி தொடங்கியது. எது கனடியப் பாட்டு? இசை அமைத்தவர், பாடியவர், பதிவு செய்த இடம், பாட்டு எழுதியவர் என்று நான்கு பார்ப்பார்கள். இரண்டு கனடியம் என்றால் பாட்டுக் கனடியம். எந்த மொழி என்ற கேள்வி இல்லை. ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்றில் தமிழில் எழுதித் தமிழில் பாடினாலும் அது கனடியப் பாட்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்து இங்கே வளர்ந்த ஷான் வின்சன்ற் டி போல் 2021இல் யாழ்ப்பாணத்தின் பெயரையே போட்டு இசைத்தட்டு வெளியிட்டார். அதுவும் அப்படித்தான்.

இன்னும் ஒன்று. நான் படித்த அந்த விதியில், பாட்டு விசயத்தில் கனடியர் என்றால் குடியுரிமை உள்ளவர் மட்டுமல்ல. அதற்கு முந்திய ஆறு மாதமும் கனடாவைத் தன் வழக்கமான வசிப்பிடமாகக் கொண்டிருந்தவரும் கனடியர்தான். இதை நான் இரண்டுதரம் வாசித்தேன். பிறகு மருமகனைக் கொண்டு வாசிப்பித்தேன். அகதி வழக்கு முடியாமல் வருடக்கணக்காகக் கடிதத்துக்குக் காத்திருக்கிற ஆட்கள் எத்தனை பேரை எனக்குத் தெரியும். பாட்டுக் கட்டினால் ஆறு மாதம் போதும்!

2019இல் வானொலிக்கே பிரச்சினை வந்தது. மாணவர் கட்டணங்களில் "அத்தியாவசியமில்லாதவை" என்று ஒரு பட்டியலை மாகாண அரசு வகுத்து, விரும்பாதவர் கட்டத் தேவையில்லை என்றது. மாணவர் பத்திரிகை, மாணவர் வானொலி எல்லாம் அந்தப் பட்டியலில் விழுந்தன. அந்த வருடம் கார்த்திகையில் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது, 2021இல் மேன்முறையீட்டிலும் அரசு தோற்றது. இடையில் கொரோனா வந்து வானொலிக்குப் போவது நின்றது. சாப்பாட்டுப் பெட்டி மூடி அத்தியாவசியம் என்றபடியால் எங்கள் தொழிற்சாலை ஒரு நாளும் பூட்டவில்லை. அந்த மாதங்களில் தொண்டர்கள் வீட்டில் இருந்து பதிவுசெய்து அனுப்பிய நிகழ்ச்சிகளைக் கேட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். எது அத்தியாவசியம் என்று அரசாங்கத்துக்கு அப்போதும் நான் எழுதிப் போடவில்லை.

மருமகனின் நாற்பது மணித்தியாலம் எப்போதோ முடிந்தது. இப்போது அவன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான், கறுத்த ரீசேட் மாறவில்லை. அத்தான் இன்னும் "தகரம்" என்றுதான் சொல்கிறார். ஆனால் போன வருடம் அவரே ஒரு பழைய கசற்றுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன். எங்கள் பொப்பிசை. எழுபதுகளில் கிற்றாரோடு பாடியவர்களைப் பெரியவர்கள் முகம் சுழித்துப் பார்த்ததாக அத்தானின் தகப்பன் சொல்வாராம். மனோகரன் 2018இல் காலமானார். அவர் பாடிய "சுராங்கனி"யைக் கேட்காத தமிழரோ சிங்களவரோ இல்லை. பைலா என்கிற அந்தத் தாளம் போர்த்துக்கேயரோடும் அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்கரோடும் கரையேறியது.

அதை நான் பதிந்து கொண்டுபோய்க் காரில் போட்டேன். கயானாக்காரர் ஸ்ரியரிங்கில் தாளம் போடத் தொடங்கிவிட்டார். தங்கள் ஊர்க் கலியாணவீட்டுப் பாட்டு மாதிரியே இருக்கிறது என்றார். அவருடைய பூட்டி மதராசில் இருந்து கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர் என்று அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார். அடுத்த இரவு மெசினடியில் காதடைப்பானைக் கழற்றிவிட்டு, அந்தப் பாட்டு எதைப்பற்றியது என்று கேட்டார். ஒரு பெண்ணுக்கு மீன் கொண்டுவருகிற பாட்டு என்றேன்.

"என்ன மீன்?" என்று கேட்டார்.