கோழி சிவப்பு... காரம் பூஜ்யம்!

பிலிப்பைன்ஸில் பகோலோட் என்று ஒரு ஊர். சுற்றிலும் கரும்புக் காடு, தெருவெல்லாம் கரிப்புகை. மூங்கில் குச்சியில் செக்கச்செவேலென்று கோழி. ஆஹா, நம்ம ஊர்க் காரம் என்று கடித்தால்... மிளகாயே கிடையாது சார்! அனாட்டோ விதை காய்ச்சிய எண்ணெயின் நிறம் அது. பெயர் இனாசல்.

"இந்த அடுப்புதான் என் பையனைப் படிக்க வைத்தது" என்றபடியே கடைக்கார அம்மா பக்குவம் சொன்னார். கிலோ கோழிக்குத் தென்னங்கள் வினிகர் அரை கப், கலமான்சி சாறு (நெல்லிக்காய் சைஸ் எலுமிச்சை, நம்ம எலுமிச்சையும் ஓகே), நசுக்கிய எலுமிச்சைப்புல், இஞ்சி, பூண்டு, உப்பு, மிளகு, கொஞ்சம் சர்க்கரை. இரண்டு மணி நேரம் ஊறினால் போதும். ராத்திரி பூரா விட்டால் புளிப்பு கறியைக் குழைத்துவிடும்.

கரி சாம்பல் பூத்த பிறகே கோழியை வைக்கணும். கொழுந்துவிட்டு எரியும்போது வைத்தால் வெளியே கருகல், உள்ளே பச்சை! திருப்பித் திருப்பி அந்தச் சிவப்பு எண்ணெயைத் தடவ வேண்டும். அனாட்டோ கிடைக்கலையா? மஞ்சள்தூள் எண்ணெய் தடவுங்கள், கலர்தான் குறையும்.

2003-ல் இலோய்லோவில் தொடங்கிய மாங் இனாசல் கடை, 'எவ்வளவு சோறு வேண்டுமானாலும்' என்று போட்டே பேர் வாங்கியது. என் பி.காம். மூளை கணக்குப் போட்டது: நான் போனால் அன்றைக்கு அவர்களுக்கு நஷ்டம்!

காரப் பிரியர்களுக்கு மிளகாய் ஊறிய வினிகர் தனியாக உண்டு. சினாமாக் என்று கேட்டு வாங்குங்கள்.