நான்கு உள்ளங்கைகள்

சங்க மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று செயலாளர் கேட்டபோது, "டயர் வாங்கிய கதையை எழுதட்டுமா?" என்றேன். அவர் சிரித்தார். நீங்களும் சிரிக்கக்கூடும். காதலும் வீரமும் பேசும் ஏட்டில் கறுப்பு ரப்பருக்கு இடம் ஏது? ஆயினும் அந்த ரப்பர் எனக்குக் கற்பித்த பாடத்தை வகுப்பறையில் யாரும் கற்பித்ததில்லை. ஆகவே பொறுமையுடன் படியுங்கள்.

எங்கள் ஊர் கோலார் தங்கவயல். என் தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் உழைத்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் கொண்டது அந்தச் சுரங்கம். 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன; தாத்தா அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே ஓய்வு பெற்றார். தங்கம் போயிற்று, கல்தூசு மட்டும் அவர் நெஞ்சில் தங்கிவிட்டது. மழைக்காலம் வந்தால் மூச்சு முட்டும்.

மாமாவிடம் பழைய ஜீப் ஒன்று உண்டு. நான்கு சக்கரங்களுக்கும் இயந்திர விசை செல்லும் வண்டி அது. காமசமுத்திரத்தின் பக்கம் அவருக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. செம்மண் பாதை, இடையிடையே பாறை, பிறகு தார்ச்சாலை. சென்ற ஆண்டு அதன் டயர்கள் தேய்ந்தபோது, "இரண்டு மட்டும் புதிது போடுங்கள் மாமா. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதானே, சமாளித்துக்கொள்ளும்" என்று சொன்னவன் நான். கல்லூரியில் படிக்கிற பையன் சொல்கிறானே என்று மாமாவும் நம்பினார். புதிய டயர்களை முன்னே பூட்டினோம். மொட்டை டயர்கள் பின்னே சுழன்றன.

ஐப்பசி மழையிரவு ஒன்றில், நிலத்து வீட்டில் தங்கியிருந்த தாத்தாவுக்கு மூச்சுத் திணறல் கண்டது. வண்டியில் ஏற்றினோம். செம்மண் ஏற்றத்தை ஜீப் சிரமமின்றிக் கடந்தது. "பார்த்தீர்களா!" என்று நான் பெருமை கொண்டேன். தார்ச்சாலை வந்ததும் மாமா நான்கு சக்கர இயக்கத்தை விடுவித்தார். ஓர் இறக்கத்தில் ஆட்டுக்குட்டி ஒன்று குறுக்கே ஓடிற்று. மாமா பிரேக்கை மிதித்தார். முன் டயர்கள் சாலையைப் பற்றின. பின் டயர்கள் பற்றவில்லை. வண்டியின் பின்புறம் முன்புறத்தை முந்த நினைத்ததுபோல் சுழன்று, ஓரத்து வாய்க்கால் கரையில் மோதி நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் வண்டியை மீட்க ஒரு மணி நேரமாயிற்று. அந்த ஒரு மணி நேரமும் தாத்தாவின் மூச்சொலியைக் கேட்டபடி மழையில் நின்றேன். அவர் பிழைத்துக்கொண்டார். நான் மட்டும் அன்றிரவு சற்றுச் சிறுத்துப் போனேன்.

நான்கு சக்கர இயக்கம் வண்டியைக் கிளப்பும், நிறுத்தாது. நிறுத்துவது பிரேக்கும் டயருமே. ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். இரண்டு டன் பாரமும் அதற்குள் அமர்ந்த உயிர்களும் நான்கு உள்ளங்கைகளை நம்பி ஓடுகின்றன. இரண்டு மட்டுமே புதிதாக வாங்க முடிந்தால், அவற்றைப் பின்னே பூட்ட வேண்டும் என்பதைக்கூட அப்பொழுது நான் அறியவில்லை. எங்கள் ஜீப்பைப் போன்ற வண்டிகளில் நான்கு சக்கர இயக்கத்தைப் பூட்டியதும் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுழலும். ஒரு ஜோடி பெரிதும் மற்றொன்று தேய்ந்து சிறிதுமாக இருந்தால், கெட்டியான தரையில் அந்த முறுக்கு முழுவதும் பற்சக்கரப் பெட்டியின்மீது விழும். ஆகவே நான்கும் ஒன்றுபோல் இருப்பதே முறை.

மாலை நேரங்களில் நான் பகுதி நேர வேலை செய்து சேர்த்த பணத்தை மடிக்கணினிக்காக வைத்திருந்தேன். அதை எடுத்து மாமாவிடம் கொடுத்தேன். "நாலு டயர் வாங்குவோம். இந்தத் தடவை படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

டயர்களில் மூன்று குலங்கள் உண்டு. முதலாவது சாலை டயர்; நெருங்கிய பட்டன்கள், ஓசை குறைவு, தாரில் நல்ல பிடிப்பு. ஆனால் சேற்றில் அதன் பள்ளங்கள் உடனே அடைபட்டு, டயர் வழுக்கும். இரண்டாவது சேற்று டயர். தடித்த பட்டன்கள், அகன்ற இடைவெளி. சேற்றை வாரி வீசிவிட்டு முன்னேறும். ஆனால் தாரைத் தொடும் ரப்பர் குறைவு. ஆதலால் ஈரச் சாலையில் நிறுத்தும் திறம் குறைவு, இரைச்சல் மிகுதி. மூன்றாவது இரண்டுக்கும் நடுவே நிற்கும் எல்லாத்தரை டயர். சேற்றில் முதல் மாணவனுமன்று, சாலையில் முதல் மாணவனுமன்று, இரண்டிலும் தேறிவிடும்.

என் நண்பர்கள் சேற்று டயரைத்தான் விரும்பினர். "பெரிய டயராகப் போடுடா! சயனைடு மேட்டில் ஏற்றுவோம், படம் பிடிப்போம்" என்றார்கள். 2018-இல் வெளிவந்த திரைப்படத்திற்குப் பின் எங்கள் ஊர் மேடுகளுக்குத் தனிப் புகழ் வந்துவிட்டது. அந்த மேடுகள் யாவை? பூமியின் அடியிலிருந்து கொணர்ந்த பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலால் பொன்னைப் பிரித்தெடுத்த பின் எஞ்சிய குப்பை. மழை பட்டால் மேலே ஓர் ஓடு படியும். அந்த ஓட்டைச் சக்கரம் உடைத்தால், கோடைக் காற்று அடியிலுள்ள தூளைக் கிளப்பும். அது சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளின் அடுப்பிலும் குடத்திலும், கடைசியில் நெஞ்சிலும் படியும். தாத்தாவின் மூச்சைக் காக்க வாங்கும் டயரைக் கொண்டு இன்னொருவர் தாத்தாவின் மூச்சைக் கெடுப்பதா? நண்பர்கள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு அவர்களும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்து அளவு. எங்கள் வண்டிக்குரியது 215/75 ஆர் 15. அகலம் 215 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அதில் நூற்றுக்கு 75. 'ஆர்' என்பது ரேடியல். 15 என்பது இரும்பு வளையத்தின் விட்டம், அங்குலத்தில். அழகுக்காக 235/75 போட்டால் என்ன ஆகும் என்று கணக்கிட்டேன். முழு விட்டம் 703.5-இலிருந்து 733.5 மில்லிமீட்டராகும். வண்டி உயர்வதோ 15 மில்லிமீட்டர்தான். வேகமானி 60 காட்டும்போது உண்மை வேகம் 62-ஐத் தாண்டியிருக்கும். இழுவிசை குறையும், பிரேக்குக்கு வேலை கூடும். ஒரு விரலளவு உயரத்திற்கு இத்தனை விலையா? பழைய அளவே போதுமென்று முடிவு செய்தோம். பாரக் குறியெண்ணையும் பார்த்தோம். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 105 என்றால் 925 கிலோ.

ஒரு கடையில் மலிவான விலைக்கு நான்கு டயர்கள் காட்டினார்கள். பட்டன்கள் பளபளத்தன. நான் குனிந்து பக்கச் சுவரைத் தடவிப் பார்த்தேன். அங்கே நான்கு இலக்கங்கள் இருக்கும்; முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும். அவை ஏழு ஆண்டுகளுக்கு முன் பிறந்தவை! "ஓடவே இல்லையே தம்பி, புத்தம் புதுசு" என்றார் கடைக்காரர். ஓடாவிட்டாலும் ரப்பர் மூப்படைந்து இறுகும். வணக்கம் சொல்லி வெளியே வந்தோம். வேறொரு கடையில், விலை கூடினாலும், அவ்வாண்டிலேயே செய்த நான்கு எல்லாத்தரை டயர்கள் கிடைத்தன. தேய்ந்தவற்றில் ஓரளவு நன்றாக இருந்த ஒன்றை ஸ்டெப்னியாக வைத்துக்கொண்டோம், மெல்ல வீடு திரும்புவதற்கு மட்டும்.

வீட்டு வாசலில் தாத்தா நாற்காலியைப் போடச் சொன்னார். பிறகு மெல்ல எழுந்து, ஒவ்வொரு டயரின் பள்ளத்திலும் விரலை விட்டுப் பார்த்தார்.

"இது எதுவரைக்கும் தேயலாம்?"

"1.6 மில்லிமீட்டர் வரைக்கும் சட்டம் அனுமதிக்கிறது தாத்தா. பள்ளத்துக்குள்ளே சிறு மேடு இருக்கிறது பாருங்கள். பட்டன் அதற்குச் சமமாகிவிட்டால் மாற்றிவிட வேண்டும். மழைக்கு அதற்கு முன்னாடியே மாற்றுவது நல்லது."

தாத்தா தலையசைத்தார். "கூண்டிலே இறங்கறப்போ எங்க உசிரு ஒத்தைக் கயித்திலே தொங்கும் ராஜா. அந்தக் கயித்தைத் தினம் ஒருத்தன் பார்ப்பான். ஒரு இழை அறுந்திருந்தாலும் எழுதி வைப்பான். அவன் பேரு எங்களிலே பாதிப் பேருக்குத் தெரியாது. அவன் பார்த்திருப்பான்ற தைரியத்திலேதான் இறங்குவோம்" என்றார். சற்று மூச்சு வாங்கிக்கொண்டு, "இனிமே இதை நீ பாரு" என்றார்.

நண்பர்களே, இப்பொழுது ஒவ்வொரு மாதமும் மாரிக்குப்பம் ரயிலில் ஊருக்குப் போகிறேன். போனதும் முதல் வேலையாகக் காற்றழுத்தம் பார்க்கிறேன். பள்ளங்களில் சிக்கிய கற்களைக் கிளறி எடுக்கிறேன். திண்ணையிலிருந்து தாத்தா பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். மடிக்கணினி இன்னும் வாங்கவில்லை. இக்கட்டுரையையும் கையால்தான் எழுதினேன். எழுத்து கிறுக்கலாக இருந்தால் பதிப்பாசிரியர் பொறுத்தருள்க.