ஹட்டனில் இறங்கி நோர்வூட்டுக்கு

பதுளை ரயிலில் ஏறுகிற வெளிநாட்டவர் பெரும்பாலும் எல்லவுக்கு டிக்கெட் எடுத்தவர்கள். ஹட்டனில் வண்டி நிற்கும் சில நிமிடங்களில் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி வடை வாங்குவார்கள், மேடையில் நிற்கும் பிள்ளைகளைப் படம் எடுப்பார்கள், அவ்வளவுதான். இறங்குகிற சிலரும் சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்கள். முதுகுப் பையோடு வெளியே வந்து நல்லதண்ணி பஸ்ஸில் ஏறிவிட்டால், டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா என்று நடத்துநர் கூவுகிற பெயர்கள் காதில் விழும், மனதில் நிற்காது. நடுவில் வருகிற அந்த நோர்வூட்டைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன். சனி, ஞாயிறு கையில் இருக்கிறது, ரயிலில் போய்ப் பழைய ஊர் ஒன்றைப் பார்த்து வரவேண்டும் என்று யாராவது கேட்டால் நான் கண்டியையோ நுவரெலியாவையோ சொல்வதில்லை. இந்த ஊரைச் சொல்கிறேன். கேட்டவர்கள் சந்தேகமாகத்தான் பார்க்கிறார்கள்.

சந்தேகம் நியாயமானது. நோர்வூட்டில் மன்னர் கட்டிய மாளிகை இல்லை, கோட்டை இல்லை, சீட்டு வாங்கி நுழைந்து பார்க்கிற இடம் எதுவும் இல்லை. ஊர் என்று சொல்லக்கூடியதெல்லாம் கோப்பித் தோட்டங்கள் வந்த பிறகு முளைத்தது. ஆனால் மலையகத் தமிழரின் இருநூறு வருடக் கதையில் முக்கியமான பக்கங்கள் பல இந்தச் சில மைல் சுற்றளவுக்குள் கிடக்கின்றன.

ரயிலிலிருந்தே தொடங்கலாம். 1890 நவம்பரில், சகலின் தீவின் கைதிகளைப் பார்த்துவிட்டுக் கப்பலில் ஊர் திரும்பிக்கொண்டிருந்த ரஷ்ய எழுத்தாளர் அந்தோன் செகாவ் கொழும்பில் இறங்கினார். ரயிலேறிக் கண்டிக்குப் போனார். இலங்கையைச் சொர்க்கம் என்றே கடிதத்தில் எழுதினார். சகலினில் அவர் வீடு வீடாகப் போய், ஆள் ஆளாக விசாரித்து, ஆயிரக்கணக்கான அட்டைகளில் விவரம் குறித்தவர். கண்டியோடு நிற்காமல் இன்னும் சில மணி நேரம் மேலே வந்திருந்தால் தோட்டத் தொழிலாளரின் லயங்களையும் அவர் பார்த்திருப்பார். அப்புறமும் சொர்க்கம் என்றே எழுதியிருப்பாரா என்று யோசிப்பதுண்டு. தண்டவாளம் அப்போது ஹட்டனுக்கு வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

கண்டிக்கு ரயில் வந்தது 1867இல். நாவலப்பிட்டிக்கு 1874இல், ஹட்டனுக்கு 1884இல். மலையில் விளைந்த கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்கத்தான் இத்தனை பாடும். ஆனால் 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அடியோடு அழித்துக்கொண்டிருந்தது. தண்டவாளம் ஹட்டனைத் தொட்டபோது சுற்றிலும் தேயிலை நட ஆரம்பித்துவிட்டார்கள். கோப்பிக்காகத் திட்டமிட்ட பாதையில் தேயிலைப் பெட்டிகள் இறங்கின.

இன்றைக்கு அதே பாதைக்கு முன்பதிவு இருக்கை கிடைப்பது பெரும்பாடு. விற்பனை திறந்த கொஞ்ச நேரத்தில் தீர்ந்துபோகும். பிறகு தரகர் கையில் பல மடங்கு விலைக்கு இருக்கும். முன்பதிவில்லாத மூன்றாம் வகுப்பில் ஏறி நின்றுகொண்டு வருவதே உத்தமம் என்பேன். ரம்புக்கனையைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கும். நாவலப்பிட்டிக்கு மேலே கலபொட, வட்டவளை, ரொசெல்ல. வட்டவளை நாட்டிலேயே மழை அதிகம் பெய்கிற இடங்களில் ஒன்று. அங்கே ஜன்னலைச் சாத்தச் சொல்லி யாராவது சத்தம் போடுவார்கள்.

தோட்டத்து ஆட்களுக்கு இந்த ரயில் கோச்சி. அந்தப் பெயரோடு ஒரு பிரிவின் கதையும் ஒட்டியிருக்கிறது. 1964 அக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகிப்போன மக்களை இரண்டு நாடுகளும் பங்குபோட்ட கணக்கு அது. அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. பிறகு ஹட்டன் மாதிரியான நிலையங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஏற்றித் தலைமன்னாருக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். வழியனுப்ப வந்தவர்கள் மேடையில் விழுந்து அழுததால் அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வந்தது. போனவர்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடி தேயிலைக் காட்டுக்குள்ளேயே போய்ச் சேர்ந்தார்கள். அண்ணன் அங்கே, தங்கச்சி இங்கே என்று பிரிந்த குடும்பங்கள் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் இன்னமும் இருக்கின்றன. மீதிப்பேருடைய பிரஜாவுரிமைச் சிக்கல் சட்டப்படி தீர 2003 வரை ஆனது.

ஹட்டனிலிருந்து நோர்வூட்டுக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. டிக்கோயாவைக் கடக்கும்போது கிளங்கன் வைத்தியசாலை வரும். கிளங்கன் என்பது கிளென்கேர்ன் என்ற ஸ்கொத்லாந்துப் பெயர் நம்மவர் வாயில் ஆன உரு. அந்தக் கிளென்கேர்ன் தோட்டத்தில் 1879 ஜனவரி 26ஆம் திகதி ஜூலியா மார்கரெட் கேமரன் இறந்தார். புகைப்படக் கலையின் தொடக்க காலத்துப் பெரிய பெயர். டார்வினையும் டென்னிசனையும் அவர் எடுத்த படங்களை உலகம் அறியும். கல்கத்தாவில் பிறந்து, நாற்பத்தெட்டு வயதில் முதன்முதலாகக் கமராவைத் தொட்டு, 1875இல் கணவரோடு இலங்கைக்குக் குடிவந்தவர். கப்பலில் வரும்போது சவப்பெட்டிகளையும் கூடவே கொண்டுவந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கணவர் சார்ல்ஸ் ஹே கேமரன் லேசுப்பட்டவர் அல்ல. இலங்கையின் நிர்வாகத்தையும் நீதிமன்றங்களையும் மாற்றியமைத்த கோல்புறூக்–கேமரன் ஆணைக்குழுவின் பாதி அவர். இருவரும் நோர்வூட்டுக்கு அப்பால் பொகவந்தலாவையில் சென். மேரீஸ் தேவாலய முற்றத்தில் அடுத்தடுத்துக் கிடக்கிறார்கள்.

ஜூலியா இலங்கையிலும் படம் எடுத்தார். தோட்டத் தொழிலாளரையும் ஊர்ச் சனங்களையும் நிறுத்தி எடுத்த அந்தப் படங்களில் மிஞ்சியவை முப்பதைத் தாண்டாது. இங்கிலாந்தில் அவர் எடுத்த முகங்களுக்குப் பெயரும் வரலாறும் இருக்கின்றன. இங்கே எடுத்த முகங்களுக்குப் பெரும்பாலும் பெயர் இல்லை. படத்தில் நிற்கிற பெண் யார், எந்தத் தோட்டம், எந்தக் கங்காணியோடு வந்தவள், ஒன்றும் தெரியாது. பொகவந்தலாவைக் கல்லறையில் நிற்கும்போது எனக்கு இதுதான் உறுத்தும்.

டிக்கோயாவைத் தாண்டினால் பாதையின் ஓரமாகக் காசல்ரீ நீர்த்தேக்கம் கூடவே வரும். அதன் கரையில் 1878இல் துரைமார் கட்டிய வார்லி தேவாலயம், கல்லறைகளோடு. படம் எடுக்க விரும்புகிறவர்கள் இங்கே இறங்கலாம். எனக்கு நீர்த்தேக்கம்தான் சுவாரசியம். பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து வருகிற கெஹெல்கமு ஓயா நோர்வூட்டைத் தொட்டுக்கொண்டு இதற்குள் விழுகிறது. 1965இல் அணை கட்டினார்கள். தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இறங்கி 50 மெகாவாட் விமலசுரேந்திர மின்நிலையத்தின் சுழலிகளைச் சுழற்றுகிறது. இந்த ஆறுகளில் மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இலேயே கணக்குப் போட்டுக் காட்டிய பொறியியலாளரின் பெயர் அது. இந்தத் தண்ணீர் கொழும்பில் விளக்கெரித்துக்கொண்டிருந்தபோது, கரையோர லயங்களில் பிள்ளைகள் குப்பிலாம்பில் படித்தார்கள். மஸ்கெலியாவின் கதை இன்னும் மோசம். மவுசாகலை அணைக்காகப் பழைய நகரமே மூழ்கியது; வறட்சியில் நீர் வற்றும்போது பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் வெளியே வரும், சனம் பார்க்கப் போகும்.

இனி நோர்வூட். பொகவந்தலாவைக்கும் மஸ்கெலியாவுக்கும் பாதை பிரிகிற இடத்தில் வளர்ந்த கடைத்தெரு. மரக்கறிக் கடை, நகை அடகுக் கடை, பேக்கரி, தொலைபேசிக் கடை, பள்ளிச் சீருடை விற்கும் துணிக்கடை. கிழமை நாட்களில் பள்ளி விடும் நேரம் தவிர அமைதி. சம்பளம் போட்ட பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்க வேண்டும்: சுற்றுவட்டாரத் தோட்டமெல்லாம் இங்கே இறங்கியிருக்கும், ஆட்டோ நிறுத்த இடம் இருக்காது. தேத்தண்ணிக் கடையில் உட்காருகிற வெளிநாட்டவர் இங்கேயே விளைந்த நல்ல தேயிலையில் ஒரு கோப்பை கிடைக்கும் என்று எதிர்பார்ப்பார். கிடைப்பது டஸ்ட் தூளில் ஊற்றிய பிளேன்டீ. நல்ல ரகமெல்லாம் 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்துக்குப் போய்விடுகிறது. பிளேன்டீயும் ரொட்டியும் கட்டச்சம்பலும் போதும், குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஊருக்குள் பார்க்கவேண்டிய ஒரே இடம் விளையாட்டு மைதானம். மலையகத் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் பெயரில் இருப்பது. 2017 மே 12ஆம் திகதி, வெசாக் விழாவுக்காகக் கொழும்புக்கு வந்திருந்த நரேந்திர மோடி இங்கே வந்து பேசினார். மலையகத்துக்கு வந்த முதல் இந்தியப் பிரதமர். கிளங்கனில் இந்திய உதவியில் கட்டிய 150 கட்டில் வைத்தியசாலையை அன்றைக்குத்தான் திறந்துவைத்தார். ஏற்கெனவே கட்டப்பட்டுவந்த 4,000 வீடுகளோடு இன்னும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார். சாஸ்திரி கையெழுத்துப் போட்டு அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்த பிறகு, போகாமல் நின்றவர்களைப் பார்க்க ஒரு பிரதமர் வந்தார். கைதட்டல் பலமாக இருந்தது. சாஸ்திரியை நினைத்துக்கொண்ட கிழவர்களும் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். மூன்று வருடம் கழித்து, 2020 மே 31ஆம் திகதி, இதே மைதானத்தில் சௌமியமூர்த்தியின் பேரனும் அரசியல் வாரிசுமான ஆறுமுகன் தொண்டமானின் உடல் தகனமானது. கொரோனா காலம், மாவட்டத்துக்கே ஊரடங்கு. அவருடைய அரசியலோடு எனக்குப் பல இடங்களில் உடன்பாடில்லை. ஆனாலும் மலையக அரசியலில் யார் வந்தாலும் போனாலும் கூட்டம் கூட இந்தத் தட்டையான நிலம்தான் வேண்டியிருக்கிறது. மலையில் தட்டையான நிலம் என்பதே அபூர்வம்.

மைதானத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு சாதாரண அலுவலகம்: நோர்வூட் பிரதேச சபை. முன்பு நோர்வூட், மஸ்கெலியா, கினிகத்தேனை எல்லாம் அம்பகமுவ என்ற ஒரே பிரதேச சபைக்குள் அடங்கியிருந்தன. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்கு ஒரு சபை. வேறு மாவட்டங்களில் சில ஆயிரம் பேருக்கே ஒரு சபை இருந்தது. 2018 தேர்தலையொட்டித்தான் அதை மூன்றாகப் பிரித்தார்கள். அதைவிடக் கொடுமை, 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம். அதன் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிட இடம் தரவில்லை. தோட்டத்து ஆள் வாக்குப் போடலாம், உறுப்பினர் ஆகலாம், தவிசாளர்கூட ஆகலாம். ஆனால் தன் லயத்துக்கு முன்னாலிருக்கும் பாதைக்கு ஒரு லோட் கல் போட முடியாது. 2018இல் திருத்தினார்கள், முப்பது வருடம் கழித்து. இந்தக் கட்டடத்தின் முன்னால் எந்தச் சுற்றுலாப் பயணியும் நிற்பதில்லை. எனக்கு வார்லி தேவாலயத்தைவிட இது பெரிய வரலாற்றுச் சின்னம்.

தங்குவதற்கு இரண்டு முனைகள் உண்டு. 2005இல் தொடங்கிய சிலோன் டீ ட்ரெயில்ஸ் காசல்ரீயைச் சுற்றியிருந்த பழைய துரை பங்களாக்களை விடுதியாக்கியிருக்கிறது. நோர்வூட் பங்களா அதில் ஒன்று. ஓர் இரவுக்குப் பல நூறு டொலர். மறுமுனையில் வீட்டு அறை வாடகைக்கு விடுகிறவர்கள். இப்போது பெக்கோ ட்ரெயில் என்று 300 கிலோமீட்டருக்கு மேல், 22 கட்டங்களாக ஒரு நடைபாதை வகுத்திருக்கிறார்கள். கொட்டகலையிலிருந்து நோர்வூட்டுக்கு ஒரு கட்டம், நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைக்கு அடுத்தது. புதுப் பாதை ஒன்றும் இல்லை. கொழுந்து சுமந்தவர்களும் பள்ளிக்கூடம் போனவர்களும் போட்ட ஒற்றையடிப் பாதைகள்தான். நடக்கிறவர்கள் காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போகிறவர்களைக் காணலாம். 2021இல் பெரிய இழுபறிக்குப் பிறகு நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது, 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350. நிர்ணயித்த கிலோ எடுக்காவிட்டால் அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம். பங்களாவின் ஓர் இரவுக்கும் இந்தக் கணக்குக்கும் இடையில் உள்ள தூரத்தை நடக்கிறவர் தானே கணக்கிட்டுக்கொள்ளட்டும்.

ரஷ்யர்கள் இப்போது நிறைய வருகிறார்கள். இந்த மலைக்கும் அவர்களுக்கும் தொடர்பு வேறு வழியில் பழையது. இலங்கைத் தேயிலையின் பெரிய வாடிக்கையாளர்களில் ரஷ்யா ஒன்று. 2017 டிசம்பரில் ஏற்றுமதியான தேயிலைப் பொதியில் ஒரு வண்டு இருந்ததாகச் சொல்லி மொஸ்கோ இறக்குமதியை நிறுத்தியது. இரண்டு கிழமைக்குள் தடையை நீக்கிவிட்டார்கள், ஆனாலும் அந்த இரண்டு கிழமையும் கொழும்பில் அமைச்சர்களுக்குத் தூக்கமில்லை. செகாவ் ஊர்க்காரர் யாராவது நோர்வூட் கடையில் உட்கார்ந்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள், நன்றாகப் பேச்சு வளரும்.

எப்போது வருவது? ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. மே கடைசியில் பருவமழை பிடித்துவிட்டால் ஓயா கரை மீறும், தேயிலைப் பாதையெல்லாம் அட்டை. மாசியில் வந்தால் தோட்டங்களில் காமன் கூத்து பார்க்கலாம். விடிய விடிய நடக்கும், கம்பளி அவசியம். திரும்பும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை. ஞாயிறு பின்னேரம் ஹட்டனில் கொழும்பு வண்டிக்குக் காத்திருப்பவர்களில் பாதிப் பேர் தோட்டத்துப் பொடியன்களும் பிள்ளைகளும். புறக்கோட்டைக் கடைகளுக்கும் வீட்டு வேலைக்கும் திங்கட்கிழமை காலை போய் நிற்க வேண்டியவர்கள். அவர்களுக்கு வேறு வண்டி இல்லை. வெளிநாட்டவர் சனிக்கிழமையே வந்த மாதிரி திங்கட்கிழமை காலை வண்டியில் போனால் இருக்கவும் இடம் கிடைக்கும், நோர்வூட்டில் இன்னொரு இரவும் கிடைக்கும்.