முன்பாரம், பின்பாரம்

ஜனவரி 6, சேத்தியாத்தோப்பு

எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலைச் சாலை. ஒரு கரும்பு டிராக்டர் கிளம்பும்போது முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. பையன்கள் கைதட்டிப் படமெடுத்தார்கள். எனக்கு அடிவயிறு கலங்கியது. திருப்புவது முன்சக்கரம்தானே? அது மண்ணில் பாவவில்லை என்றால் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் வெறுமனே உட்கார்ந்திருக்கிறார்.

ஜனவரி 7

இரவு கணக்குப் போட்டேன். டிராக்டர் 2000 கிலோ. அதில் 800 கிலோ முன்னச்சில். ஒற்றை அச்சு டிரெய்லரின் மூக்கு, பின்னச்சுக்கு 80 செ.மீ. பின்னாலுள்ள கொக்கியை 1500 கிலோ பாரத்தோடு அழுத்துகிறது. அச்சுகளுக்கு நடுவே 2 மீட்டர். நெம்புகோல் கணக்குப்படி முன்னச்சு 600 கிலோவை இழக்கும். மிச்சம் 200, அதாவது பத்தில் ஒரு பங்கு. ஐந்தில் ஒரு பங்காவது வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. இது சமதளக் கணக்கு. புவனகிரி வெள்ளாற்றுப் பாலம் போன்ற ஏற்றத்தில் அந்த 200-ம் கரையும்.

அமெரிக்காவில் காருக்குப் பின்னால் வீட்டு வண்டி இழுப்பவர்களுக்கும் இதே தொல்லை. அவர்கள் கொக்கியிலிருந்து இரண்டு வில்கம்பிகளை டிரெய்லர் சட்டத்துக்குச் சங்கிலியால் இழுத்துக் கட்டுகிறார்கள். வளைந்த கம்பி நிமிரப் பார்க்கும் விசையில், பின்னச்சில் குவிந்த பாரத்தில் ஒரு பங்கு காரின் முன்னச்சுக்கும், இன்னொரு பங்கு டிரெய்லர் அச்சுக்கும் போகிறது. டிரெய்லரை மாட்டுமுன் முன்சக்கர வளைவின் உயரத்தை அளந்து, மாட்டியபின் ஏறக்குறைய அதே உயரம் வரும்வரை சங்கிலிக் கண்ணியை மாற்றுவார்கள். நம் டிராக்டரில் அந்த ஏற்பாடு இல்லை. பாரம் ஏற்றும் கைகளில்தான் எல்லாம்.

ஜனவரி 9, நெல்லிக்குப்பம்

பாரி கம்பெனி 1842-ல் ஆலை தொடங்கிய ஊர். மாட்டுவண்டி ஓட்டிய பெரியவர் ஒருவர் சொன்னார்: “முன்பாரம் மிஞ்சுனா மாட்டுக் கழுத்து புண்ணாயிடும் தம்பி. பின்பாரமானா நுகத்தடி தூக்கிக் கயிறு கழுத்த இறுக்கும். அச்சுக்கு மேல வெச்சு, ஒரு துளி முன்னால தள்ளணும்.” டிரெய்லருக்கும் இதுவேதான். பின்பாரமானால் டிரெய்லர் வாலாட்டும்.

ஜனவரி 12, சிதம்பரம்

எடைமேடையில் டிராக்டரின் முன்சக்கரங்களை மட்டும் நிறுத்தி எடை பார்த்தோம்; டிரெய்லர் இல்லாமல் ஒருமுறை, பாரத்தோடு ஒருமுறை. ஒரு நிமிட வேலை. ஆலைக்குள் நுழையும் ஒவ்வொரு டிராக்டருக்கும் இதைச் செய்து, எடைச் சீட்டிலேயே எழுதித் தந்தால் அடுத்த நடைக்கு ஏற்றுபவருக்குத் தெரிந்துவிடும். ஆலைக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன்.

பாரத்தைக் குறைக்கலாமா என்று டிரைவரிடம் கேட்டேன். “கட்டைக் கொறைச்சா வாடகை கட்டாதுண்ணே,” என்றார். நியாயமான கவலை. முன்னால் குவிந்த கட்டுகளை அச்சுப்பக்கம் நகர்த்துவோம், முன் பம்பரில் இரும்புப் பாளம் மாட்டுவோம் என்றேன், ஒப்புக்கொண்டார். எங்கள் கொல்லைக்கு வெட்டு உத்தரவு வெள்ளிக்கிழமை. அதற்குள் பாளம் வாங்கியாக வேண்டும்.