அக்கூஸ்டிக் கிதாருக்கு ஏற்ற மேடை மானிட்டர்

வாசிப்பவரின் காதுக்கு அவருடைய இசையையே திருப்பித் தரும் மேடை ஒலிபெருக்கியான மானிட்டரைத் தேர்பவர்கள் பெரும்பாலும் வாட் அளவையே முதலில் பார்க்கின்றனர். அது பிழையான தொடக்கம். கிதாரின் உட்கூட்டுக் காற்று ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸிலும், மேற்பலகை 200 ஹெர்ட்ஸை ஒட்டியும் இயல்பாகவே அதிர்வதால், மானிட்டரிலிருந்து வரும் அதே அதிர்வெண் பலகையை மீண்டும் அசைக்க, அவ்வசைவைப் பிக்கப், அதாவது அதிர்வை மின்குறியாக மாற்றும் உணரி, மறுபடியும் மானிட்டருக்கே அனுப்ப, ஃபீட்பேக் எனப்படும் ஊளையொலி பிறக்கிறது. ஆகவே அடித்தொனியை மிகைப்படுத்தும் பெரிய பெட்டியைவிட, எல்லா அதிர்வெண்களையும் சமமாக ஒலிக்கும் 8 அல்லது 10 அங்குல மானிட்டரும், தொல்லை தரும் அதிர்வெண்ணை மட்டும் குறுகலாக வெட்டும் நாட்ச் ஃபில்டரும் மிகுந்த பயன் தருவன. வாங்குமுன் சொந்தக் கிதாரையே இணைத்து, மேடைக்குரிய ஒலியளவில் வாசித்துப் பார்த்தல் வேண்டும்.