அருப்புக்கோட்டைக்கு எத்தனை எழுத்து?

அருப்புக்கோட்டைக்கு எத்தனை எழுத்துன்னு கேட்டா நாம 8ன்னு சொல்வோம். பைத்தான் 15ன்னு சொல்லும். திருச்சுழி நமக்கு 5, அதுக்கு 10. யூனிகோடுல துணைக்குறி, புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு, அதான்.

எங்க கரிசக்காட்டுக் கண்மாய்களையும் குண்டாற்றையும் நிரல் எழுதி வரைபடமாக்கிக்கிட்டு இருக்கேன். கோடும் வட்டமும் சுலபம். பேர் எழுதறதுலதான் மொத்தச் சிக்கலும்.

படம் வரையற பில்லோ நூலகத்தோட லிப்ராக்ம் சேராம இருந்தா, குறிகளை வந்த வரிசையிலயே அடுக்கிடும். 'டை'யோட கொம்பு டகரத்துக்குப் பின்னாடி போய் நிக்கும். எந்தக் கண்மாய் நிறைஞ்சு எதுக்குத் தண்ணி போகுதுன்னு ஊர்ப் பெரியவங்ககிட்ட காட்டத்தான் இந்தப் படமே. பேர் உடைஞ்சு கிடந்தா, 'ஊர்ப் பேரையே எழுதத் தெரியல, தண்ணிக் கணக்கு சொல்ல வந்துட்டான்'னு தள்ளி வச்சிடுவாங்க. நியாயம்தானே?

அதனால மக்களே, லிப்ராக்ம் இருக்கான்னு முதல்ல பாருங்க. பேரோட அகலத்தை எழுத்தை எண்ணிக் கணக்குப் போடாதீங்க, எழுத்துருவை வச்சு அளந்துக்குங்க. ஆத்தோட வளைவுலயே பேரையும் எழுதணும்னா 'குண்டாறு' 4 துண்டுதான். 8 ஆ வெட்டினா கால் தனியா ஆத்துல மிதக்கும். கோட்டுமேல பேர் விழுந்தா, எழுத்தைச் சுத்தி மெல்லிசா வெள்ளை விளிம்பு கொடுங்க. நீர்நிலைக்குச் சாய்வெழுத்து தேடாதீங்க, பெரும்பாலான தமிழ் எழுத்துருவுல கிடையாது. நீலமே போதும்.

இங்க கண்மாயில தண்ணி கிடக்கறது வருஷத்துல சில மாசம். மத்த நாள்ல, சீமைக்கருவேலங்காட்டுக்கு நடுவுல அது கண்மாய்னு சொல்றது அந்தப் பேர் மட்டும்தான். அதையாவது முழுசா எழுதுவோம்.